என் தாயாரின் முதல் சாவு

அந்த வைகாசி மாதம் முழுவதும், எங்கள் வீட்டில் விளக்கேற்றிய சற்று நேரத்திற்கெல்லாம் என் தாயார் பாம்பு கடித்து இறந்துபோவார். உண்மையில் அவர் அப்போது அடுப்படியில் தோசை வார்த்துக்கொண்டிருப்பார். அவர் இறந்த செய்தியை நான் கூடத்தின் நடுவில் நின்று சொல்லுவேன். எதிரே நாற்காலியில் அமர்ந்து தந்தையார் கேட்பார். சொல்லும் முறை பிழைத்தால் அவர் மடியில் கிடக்கும் புளிய விளார் என் கெண்டைக்காலில் இறங்கும். பிறகு மீண்டும் முதலிலிருந்து தாயாரைப் பாம்பு கடிக்க வேண்டும்.

நாடு விடுதலை பெற்று ஓரிரு ஆண்டுகள் ஆகியிருந்த காலம் அது. நான் பாளையங்கோட்டையில் இன்டர்மீடியட் படிப்பை முடித்துவிட்டு, மருத்துவக் கல்லூரியில் இடம் வேண்டி விண்ணப்பித்திருந்தேன். சென்னையிலிருந்து நேர்காணலுக்கு அழைப்பு வந்துவிட்டது. மதிப்பெண்ணில் என்னை ஒத்தவர் பலர். இருந்த இடங்களோ சில. தேர்வுக் குழுவின் முன் நிற்கும் அந்தச் சிறு பொழுதில்தான் ஆட்கள் கழிபடுவார்கள் என்பது ஊரறிந்த செய்தி. அந்தச் சிறு பொழுதை வெல்வதற்காகவே தந்தையார் என் தாயாரைச் சாகச் சொன்னார்.

தந்தையார் சங்கரன்கோயிலில் வழக்கறிஞர் ஒருவரிடம் எழுத்தராக இருந்தார். வக்கீல் குமாஸ்தா என்பது ஊர் வழக்கு. வழக்கைப் பேசியவர் வழக்கறிஞர். அதைப் பேசத் தக்கதாக ஆக்கிக் கொடுத்தவர் தந்தையார். குறிப்பாக, சாட்சி சொல்ல வருவோரைப் பழக்கி எடுப்பதில் அந்த வட்டாரத்தில் அவருக்கு இணை இல்லை என்பார்கள். வரப்புச் சண்டை நடந்த நாளில் வேறூரில் இருந்தவனையும் வரப்பின் மேல் நிறுத்தி, எதிர்த்தரப்பு வழக்கறிஞர் எந்தத் திசையிலிருந்து தாக்கினாலும் அவன் அசையாதபடி ஆக்கிக் கூண்டில் ஏற்றுவார். இத்துணை ஆற்றல் வாய்ந்தவர் வாழ்நாளெல்லாம் நின்றுகொண்டே இருந்தார். வழக்கறிஞர் முன் நின்றார். நீதிபதியான முன்சீப்பு முன் நின்றார். பணக்காரக் கட்சிக்காரர் வந்தால் அவர் முன்னும் எழுந்து நின்றார். நாற்காலி அவருக்கு வீட்டில் மட்டுமே வாய்த்தது.

நான் பள்ளியில் நான்காம் படிவம் படித்துக்கொண்டிருந்தபோது முன்சீப்புக்குக் காய்ச்சல் கண்டது. வழக்குக் கட்டுகளை எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குச் சென்ற தந்தையார் அங்கே ஒரு காட்சியைக் கண்டார். மீசை சரியாக முளையாத இளம் மருத்துவர் ஒருவர் நாற்காலியில் கால்மேல் கால் போட்டு அமர்ந்திருந்தார். ஊரையே நடுங்க வைக்கும் முன்சீப்பு, மேலாடை இன்றி, அவர் முன்னே நாக்கை நீட்டியபடி நின்றுகொண்டிருந்தார். தந்தையார் வீடு திரும்பிக் கால் கழுவும் முன்பே என்னை அழைத்தார்.

"ஏலே, முன்சீப்பு நாக்கை நீட்டிக்கிட்டு நிக்கான்லே. அந்தப் பய உக்காந்திருக்கான். நம்ம வம்சத்துல எவனாவது உக்காந்து பாத்திருக்கியா? நீ உக்காரணும். ஊரு பூரா ஒன் முன்னால வந்து நாக்கை நீட்டணும்."

அன்றே என் வாழ்வு தீர்மானமாயிற்று. மருத்துவத்தில் எனக்கு விருப்பம் உண்டா என்று எவரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் விடை சொல்லும் துணிவு எனக்கு இருந்திராது.

நேர்காணல் அழைப்பு வந்ததும் தந்தையார் செய்த முதல் வேலை, பேருந்து ஏறிப் புளியங்குடிக்குப் போனது. முந்தைய ஆண்டு நேர்காணலில் தோற்ற இளைஞன் ஒருவன் அங்கே எலுமிச்சைக் கடையில் உட்கார்ந்திருந்தான். அவனைப் பகல் முழுவதும் வைத்து விசாரித்தார். என்ன கேட்டார்கள், நீ என்ன சொன்னாய், சொல்லும்போது யார் முகத்தில் என்ன மாறியது என்று அவர் துருவத் துருவ அந்த இளைஞன் அழுதுவிட்டானாம். அவன் தாய் உள்ளேயிருந்து வந்து, "வேண்டாம் அண்ணாச்சி, அந்தப் புண்ணு இப்பம்தான் ஆறுது" என்று கைகூப்பினாளாம். இதை அவர் எங்களிடம் ஒரு வெற்றியைப் போலச் சொன்னார். வேண்டியது கிடைத்துவிட்டது. மருத்துவனாக ஏன் விரும்புகிறாய் என்று குழுவினர் தவறாமல் கேட்கிறார்கள். மக்களுக்குத் தொண்டு செய்ய என்று எல்லாரும் தவறாமல் விடை சொல்கிறார்கள். கேட்பவர்கள் கொட்டாவி விடுகிறார்கள்.

"தொண்டு செய்யணும்னு எல்லாப் பயலும் சொல்லுதான். அது சாட்சியமே இல்லை. கண்ணால கண்ட சாட்சிதான் நிக்கும். இவன் கண்ணு முன்னால ஒரு உசிரு போயிருக்கணும். அங்கன ஒரு டாக்டரு இல்லாம போயிருக்கணும்" என்றார் தந்தையார்.

"யாரு உசிரு?" என்று கேட்டார் தாயார். அவர் கையில் அப்பளம் இடும் குழவி இருந்தது.

தந்தையார் அவரை ஏற இறங்கப் பார்த்தார். கட்சிக்காரன் கொண்டுவந்த சாட்சி தேறுவானா தேறமாட்டானா என்று பார்க்கும் அதே பார்வை. "ஒன் உசிருதாம்ட்டி" என்றார்.

சுமங்கலி ஒருத்தியின் வீட்டில் அப்படி ஒரு சொல் எழலாகாது. தாயார் குழவியைக் கீழே வைத்துவிட்டுத் தாலியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். பிறகு மிக மெதுவாகத்தான் வாதாடினார்.

"ஒங்க அம்மை செத்தாங்கள்லா. அதைச் சொல்லட்டுமே. நெசமாவும் இருக்கும்."

"எழுவது வயசுக் கிழவி செத்தா அவனுவளுக்கு என்னட்டி? வெத்தலையைப் போட்டுக்கிட்டு அடுத்த ஆளைக் கூப்பிடுவான். பெத்த தாயி, நடு வயசு, நல்லா இருந்தவ, பொசுக்குன்னு போயிட்டா. அதுதான் நெஞ்சுல நிக்கும். விண்ணப்பத்துல தகப்பன் பேரைத்தான் கேட்டிருக்கான், தாயைப் பத்திப் பேச்சே இல்லை. அவன் கேக்காத இடத்துல நாம என்னமும் சொல்லலாம்."

"அப்பம் காய்ச்சல்னு சொல்லட்டும். ஏன் பாம்பு?"

"எதுத்தாப்புல இருக்கவன் பூராவும் டாக்டரு. காய்ச்சல்னா என்ன காய்ச்சல், எப்பம் வந்தது, குளிர் இருந்ததான்னு குறுக்கு விசாரணையில இவன் தோலை உரிச்சிருவான். பாம்புன்னா ஒத்தை வார்த்தை. இருட்டு. என்ன பாம்புன்னு தெரியாது. பாம்பு கோர்ட்டுக்கு வந்து எதிர்சாட்சி சொல்லவா போகுது?"

தாயாரின் அச்சம் வேறோர் இடத்தில் இருந்தது. பாம்புக்கும் தேளுக்கும் அஞ்சியவர்கள் எங்கெங்கிருந்தோ எங்கள் ஊர்க் கோயிலுக்கு வந்து, புற்றுமண்ணை நெற்றியில் இட்டு, ஒரு துளி வாயிலும் போட்டு, வெள்ளியில் செய்த பாம்புருவை உண்டியலில் இடுவார்கள். அந்த ஊரிலேயே குடியிருப்பவள் பாம்பு கடித்துச் செத்தாள் என்றால் அம்மனுக்கு அல்லவா இழிவு? "அம்மனுக்குல்லா கெட்ட பேரு" என்றார். "மெட்ராசுல இருக்கவனுக்கு அம்மனும் தெரியாது, புத்தும் தெரியாது" என்று தந்தையார் வழக்கை முடித்துவிட்டார்.

மறுநாட் காலை தாயார் என்னை அழைத்துக்கொண்டு கோயிலுக்குப் போனார். கோமதியம்மன் சன்னிதியில் நெடுநேரம் நின்றார். புற்றுமண்ணை எடுத்து வாயில் இட்டுக்கொண்டபின், பக்கத்தில் நின்றவர்கள் கேட்காத குரலில் பேசினார். எனக்குக் கேட்டது.

"தாயே, பொய்க்குத்தான் சாகுதேன். நெசமாக்கிராதே. எம் பிள்ளை டாக்டரானா ஒனக்கு வெள்ளியில பாம்பு போடுதேன்."

அன்று மாலையே பயிற்சி தொடங்கிற்று.

முதலில் தமிழில் சொல்ல வேண்டும், பிறகு ஆங்கிலத்தில். தந்தையாரின் ஆங்கிலம் வழக்குமன்றத்து ஆங்கிலம். ஆதலால் என் தாயார் இறந்ததும் ஏறத்தாழ வழக்குமன்றத்து நடையிலேயே இருந்தது. மாட்டுக்கு வைக்கோல் எடுக்கப் போனார். படப்பில் பாம்பு கிடந்தது. வண்டி கட்டி எடுத்துப் போகும் வழியிலேயே என் மடியில் உயிர் நீங்கிற்று. அந்தக் கணமே நான் மருத்துவனாவதென்று உறுதி பூண்டேன். வண்டியை ஓட்டியவன் யார், மாடு என்ன நிறம், மருத்துவமனை எத்தனை தொலைவு, கட்டுப்போட்டது காலில் எந்த இடத்தில் என்றெல்லாம் தந்தையார் மடக்குவார். எதற்கும் தயங்கக் கூடாது. தயங்கினால் விளார்.

தாயாருக்கு ஆங்கிலம் தெரியாது. ஆனால் எந்த வாக்கியத்தில் தாம் இறக்கிறோம் என்பது சில நாட்களிலேயே அவருக்குத் தெரிந்துவிட்டது. அந்த இடம் வரும்போது அடுப்படியில் தோசைத் திருப்பி ஓசை ஒரு நொடி நிற்கும். பிறகு தொடரும்.

ஒருநாள் தந்தையார் கேட்டார்: "சாகும்போது ஒன் அம்மை என்னலே சொன்னா?"

இதற்கு விடை ஆயத்தமாக இல்லை. அடுப்படியிலிருந்து குரல் வந்தது: "எருமைக்குத் தண்ணி காட்டியாச்சான்னு கேட்டேன்னு சொல்லு, மக்கா."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவர் உண்மையிலேயே அதைத்தான் கேட்பார். சிரித்ததற்கு விளார் இரண்டு முறை இறங்கிற்று.

"கூறுகெட்ட மூதி, செத்தவ பேசுதா, இவன் சிரிக்கான்! நீ டாக்டராகணும்யான்னு சொன்னான்னு சொல்லுலே. ஏட்டி, நீ வாயை மூடு. செத்தவளுக்கு என்ன பேச்சு?"

வழக்குமன்றத்தில் ஒரு விதி உண்டு. கூண்டில் நிற்பவன் தன்னைப் பழக்கியவரின் பக்கம் கண்ணை ஓட்டக் கூடாது. ஓட்டினால் முன்சீப்பு கண்டுகொள்வார். தந்தையார் அதை எனக்குப் புகட்டிய முறை இது: நான் சொல்லிக்கொண்டிருக்கும்போது தாயார் வேண்டுமென்றே என் முன்னால் நடந்து போக வேண்டும். தண்ணீர் கொண்டு வர வேண்டும். உதிர்ந்த பூவை எடுக்கக் குனிய வேண்டும். ஒருமுறை என் பெயரைச் சொல்லி அழைக்கவும் வேண்டும். நான் பார்க்கக் கூடாது. என் கண் அவரை நாடினால் அடி. தாயார் இதில் சிறிதும் ஏமாற்றவில்லை. நான் அடிபடுவேன் என்று தெரிந்தும், அடிபட்டால்தான் பழகுவேன் என்று நம்பி, புதுப் புது முறையில் என் கண்ணை இழுக்க முயன்றார். ஒருநாள் கையைச் சுட்டுக்கொண்டதாக அலறினார். நான் திரும்பிவிட்டேன். அடி விழுந்தது. "இன்னும் பழகலையேயா" என்று அவர் வருந்தினார். மாத முடிவில் நான் அவரைக் காணாதவனாகவே ஆகிவிட்டேன். தாயார் தட்டை என் முன் வைத்துவிட்டுப் போவார். கை மட்டும் தெரியும்.

அழுகைதான் வரவில்லை. அதற்காகத் தந்தையார் ஒருவரை அழைத்து வந்தார். ஊரில் அவரைச் சாட்சிக்கார அண்ணாச்சி என்பார்கள். எவர் வழக்கிலும் எவருக்காகவும் கூண்டேறிச் சாட்சி சொல்லுவதே அவர் பிழைப்பு. பழுப்பேறிய குடையும் விபூதிப் பட்டையுமாக வந்து அமர்ந்து, தாயார் கொடுத்த காப்பியை ஆற்றிக் குடித்துவிட்டு, என் சாட்சியத்தை முழுவதும் கேட்டார்.

"சொல்லு சுத்தமா இருக்கு வே. கண்ணுதான் காஞ்சு கெடக்கு" என்றார் தந்தையாரிடம். பின் என் பக்கம் திரும்பினார். "தம்பி, ஓன்னு அழுதா நம்ப மாட்டான். கண்ணீரு வரணும், வந்து நிக்கணும், விழப்படாது. நின்னுக்கிட்டிருக்க கண்ணீரைப் பாத்தா எதுத்தாப்புல இருக்கவன் கண்ணுல அது விழுந்துரும். எங்க, அம்மையை நினைச்சுக்கோ."

தாயார் காலிக் குவளையை எடுக்க அங்கேயே குனிந்திருந்தார். நான் அவரை நினைக்க முயன்றேன். கண்ணீர் வரவே இல்லை.

"வரும், வரும். இன்னும் நாள் இருக்குல்லா" என்று தாயார்தாம் ஆறுதல் சொன்னார்.

இந்தப் பயிற்சியால் தெருவே சிரித்த ஒரு நாளையும் சொல்லிவிடுகிறேன். எண்ணெய் கொண்டு வரும் அம்மாள் ஒருநாள் எங்கள் வாசலில் நின்றபோது, "எங்கம்மா செத்துப்போயிட்டாங்க" என்று நான் உள்ளே உரத்துச் சொன்னது அவர் செவியில் விழுந்தது. எண்ணெய்க் குடத்தை இறக்கி வைத்துவிட்டு, "எம்மா, மவராசி, போயிட்டியா!" என்று மாரில் அறைந்துகொண்டு ஒப்பாரி தொடங்கிவிட்டார். தெரு கூடிவிட்டது. தாயார் தோசைத் திருப்பியுடன் வெளியே வந்து, "உள்ள வாங்க மதினி, ரெண்டு தோசையைத் தின்னுட்டு அழுங்க" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். தந்தையார் மட்டும் சிரிக்கவில்லை. அந்த அம்மாளின் குரலில் இருந்த நடுக்கத்தைக் கவனித்தாயா என்று என்னிடம் கேட்டார்.

ஆனி மாதத்தில் மூவரும் சென்னைக்குப் புறப்பட்டோம். இருவர் போவதாகத்தான் முதலில் திட்டம். ஆனால் கிளப்புக்கடைச் சாப்பாடு எனக்கு ஒத்துக்கொள்ளாது; பாளையங்கோட்டையிலேயே அதனால் பலமுறை படுத்திருக்கிறேன். நேர்காணலன்று வயிறு கெட்டால் எல்லாம் கெட்டுவிடும் என்று தாயார் வாதிட, தந்தையார் இணங்கினார். தாயார் அரைத்த இட்லி மாவும் இட்லிச் சட்டியும் மிளகாய்ப்பொடியும் கட்டிக்கொண்டு வண்டி ஏறினார். எழும்பூருக்கு அருகே ஒரு சத்திரத்தில் தங்கினோம். நேர்காணலன்று விடியற்காலையில் எழுந்து, கல்லைக் கூட்டி அடுப்பு மூட்டி, அவர் இட்லி அவித்தார். நான் உண்ணும்வரை பின்புறமாக நின்றிருந்தார். அவரைப் பார்த்து என் பயிற்சி கலைந்துவிடக் கூடாதாம்.

"சத்திரத்துலயே இரு" என்று தந்தையார் ஆணையிட்டுத்தான் என்னை அழைத்துச் சென்றார். கல்லூரி வாசலை நாங்கள் அடைந்து சற்று நேரத்தில் திரும்பிப் பார்த்தால், சாலையின் மறுபக்கத்தில் தாயார் நின்றுகொண்டிருந்தார். கையில் மோர்ச் செம்பு. வழி கேட்டுக் கேட்டு நடந்தே வந்திருக்கிறார்.

தந்தையார் வண்டிகளுக்கு இடையே ஓடிப்போனார். "செத்தவ இங்கன வந்து நின்னா எப்படிட்டி? எவனாவது பாத்தா?"

"வெயிலா இருக்கு. தொண்டை காஞ்சிரப்படாதேன்னுதான். நான் முக்காடு போட்டுக்கிடுதேன்."

"அந்த மரத்துக்குப் பின்னால போ. கூப்பிட்டாலும் வராதே."

அவர் மரத்தின் பின்னால் போய் நின்றார். தலைப்பின் ஓரம் மட்டும் காற்றில் வெளியே தெரிந்தது. அதையும் இழுத்துச் செருகிக்கொண்டார்.

உள்ளே ஐவர் அமர்ந்திருந்தார்கள். தவளையின் இதயத்தைப் பற்றி ஒருவர் கேட்டார், சொன்னேன். வெப்பமானி பற்றி ஒருவர் கேட்டார்; சொன்னேன். பிறகு நடுவில் இருந்த தலைவர், மருத்துவனாக ஏன் விரும்புகிறாய் என்று ஆங்கிலத்தில் வினவினார்.

நான் தாயாரை வைக்கோற்படப்புக்கு அனுப்பினேன். ஒரு சொல்லும் பிறழவில்லை. ஒல்லியான ஒருவர் இடைமறித்து, கட்டு எங்கே போட்டீர்கள், எவ்வளவு நேரத்தில், கண் இமை சரிந்ததா என்றெல்லாம் மடக்கினார். அத்தனையும் தந்தையார் முன்பே கேட்டவை. விடைகள் தாமாகவே வந்தன. தாயார் என் மடியில் உயிர் விட்ட இடத்தில், ஒரு மாதமாக வராத கண்ணீர் அன்று எப்படியோ வந்தது, வந்து நின்றது. தலைவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஒல்லியானவர் தம் தாளில் ஏதோ எழுதிவிட்டு என்னை நோக்கித் தலையசைத்தார். எனக்கு இடம் கிடைத்துவிட்டது என்பதை அந்த அறையில் இருந்த எல்லாரும் அறிந்தோம்.

வரிசையின் கடைசியில் ஒரு முதியவர் இருந்தார். அதுவரை ஒன்றுமே பேசாதவர். என் முகத்தைப் பார்த்திருந்துவிட்டு, தமிழில் கேட்டார்:

"ஏம்ப்பா, ரொம்ப வாடியிருக்கியே. காலையில ஏதாவது சாப்பிட்டியா?"

"சாப்பிட்டேன் ஐயா."

"ஓட்டல் சாப்பாடெல்லாம் ஒத்துக்குதா?"

"ஓட்டல்ல இல்லை ஐயா. அம்மா இட்லி அவிச்சுத் தந்தாங்க."

சொல்லி முடித்தபின்னும் எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அவர்கள் முகங்களைப் பார்த்துத்தான் விளங்கிற்று. முதலில் ஒல்லியானவர் சிரித்தார். பிறகு மற்றவர்கள். அந்தச் சிரிப்பு நெடுநேரம் நீடித்தது. தலைவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டார்.

"பாம்பு கடித்து இறந்த அம்மையாரை எழுப்பி இட்லி அவிக்க வைத்திருக்கிறாய்" என்றார் ஆங்கிலத்தில். "இந்த வித்தையை எங்கள் கல்லூரியில் நாங்கள் கற்றுத்தருவதில்லை. இனி எங்களிடம் நீ கற்க என்ன இருக்கிறது? போகலாம்."

முதியவர் மட்டும் சிரிக்கவில்லை. சன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

வெளியே தந்தையார் என் தோளைப் பற்றித் தூணோரம் நிறுத்தினார். "வரிசையாச் சொல்லு. ஒண்ணும் விடாதே" என்றார். கூண்டிலிருந்து இறங்குபவனிடம் அவர் எப்போதும் கேட்பது அதுதான். நான் வரிசையாகச் சொன்னேன். தவளைக்குத் தலையசைத்தார். கட்டுக்குத் தலையசைத்தார். கண்ணீர் வந்து நின்றது என்றபோது அவர் முகத்தில் ஒளி பரவிற்று. என் வாழ்நாளில் அவர் என்னைப் பார்த்து அப்படி மலர்ந்தது அந்த ஒருமுறைதான். பிறகு இட்லியைச் சொன்னேன்.

அவர் அடிக்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டார். "கோர்ட்டுல எவனும் சாப்பிட்டியான்னு கேக்க மாட்டானேலே" என்றார். திரும்பவும் அதையே சொன்னார். எந்த வழக்கறிஞர் எப்படித் தாக்குவார் என்று முப்பது ஆண்டுகளாக அறிந்தவருக்கு, ஒருவர் பரிந்து கேட்கவும் கூடும் என்பது தோன்றாமலே போய்விட்டது.

சாலையைக் கடந்து மரத்தடிக்குப் போனோம். தாயார் தலைப்பை விலக்கிக்கொண்டு செம்பை நீட்டினார். தந்தையார் அதை வாங்கவில்லை.

"வா, நீ உசுரோட வந்துட்டே. சந்தோசமா?" என்றார். "உள்ள போயி ஒன் பிள்ளை, எங்கம்மா இட்லி அவிச்சுத் தந்தாங்கன்னு சொல்லிட்டு வந்திருக்கான்."

தாயார் முதலில் என்னைப் பார்த்துச் சிரிக்கத்தான் போனார் என்று நினைக்கிறேன். உதடு அசைந்தது. அடுத்த நொடியே அவர் கை என் கன்னத்தில் விழுந்தது. அதற்கு முன்னும் பின்னும் அவர் என்னை அடித்ததில்லை.

"ஒரு மாசமா செத்தேன்லே. தெருவுல எல்லாரும் சிரிக்கச் செத்தேன். அம்மன்கிட்டச் சொல்லிட்டுச் செத்தேன். இன்னைக்கு ஒரு பொழுது, ஒரே ஒரு பொழுது, நீ என்னைச் செத்தவளா வச்சிருக்கப்படாதா? ஒனக்கு அதுகூடவாலே ஏலலை?"

மோரைச் சாலையில் ஊற்றிவிட்டு, செம்பைத் தலைப்பால் துடைத்துக்கொண்டு அவர் முன்னே நடந்தார்.

மறு ஆண்டு முயலலாம் என்று எங்கள் உறவினர் சிலர் சொன்னார்கள். தந்தையார் கேட்கவில்லை. "பிறண்ட சாட்சியை ரெண்டாம் தடவை கூண்டுல ஏத்தினா வழக்கே போயிரும்" என்றார். நான் தமிழ் படிக்கப் போனேன். அதற்கு நேர்காணல் இல்லை.

நாங்கள் ஊர் திரும்பிய சில நாட்களில் கோயிலில் ஆடித்தபசுத் திருவிழா வந்தது. ஊர் கொள்ளாத கூட்டம். தாயார் வெள்ளியில் ஒரு பாம்புரு வாங்கி வந்தார். டாக்டர் ஆகவில்லையே, எதற்கு என்று கேட்டேன். "நெசமாக்காம விட்டாள்லா, அதுக்கு" என்று சொல்லி உண்டியலில் இட்டுவிட்டு வந்தார்.

ஆனால் தந்தையார் விடவில்லை. சென்னையிலிருந்து திரும்பியது முதல் அவர் தாயாருடன் நேரே பேசுவதை நிறுத்திவிட்டார். அவர் வைத்த சோற்றை உண்டார். அவர் துவைத்த வேட்டியை உடுத்தார். பேச்சு மட்டும் இல்லை. வேண்டியதை என்னிடம் சொல்லுவார். நான் இல்லாதபோது சுவரிடம் சொல்லுவார். உறவுக்காரர் ஒருவர் இடித்துக் கேட்டபோது, "கொடுத்த வாக்குமூலம் கொடுத்ததுதான் வே. செத்தவகிட்ட என்ன பேச்சு?" என்றார். கேட்டவர் அதை வேடிக்கை என்று எண்ணிச் சிரித்துவிட்டுப் போனார். தாயாரும் அதை வேடிக்கையாகவே ஆக்கிக்கொண்டார். புதுச் சேலை எடுக்கலாம் என்றால், "செத்தவளுக்குக் கோடித்துணி போதும்லா" என்பார். அடுப்புப் புகையில் இருமினால், "செத்தும் இருமல் விடலை பாத்தியா" என்பார். கேட்கக் கேட்க அந்த வீட்டில் அது பழகிவிட்டது.

நான் உயர்நிலைப் பள்ளியொன்றில் தமிழாசிரியனாகிச் சில ஆண்டுகள் கழிந்த பின், ஐப்பசி மழையில் தாயாருக்கு உண்மையாகவே காய்ச்சல் கண்டது. மருத்துவர் வந்தார். என் வயதுதான் இருக்கும். தந்தையார் கூடத்து நாற்காலியைத் தூக்கி வந்து, தம் துண்டால் துடைத்து, அவருக்குப் போட்டார். பிறகு கைகட்டி நின்றார். நானும் நின்றேன். மருத்துவர் அமர்ந்து நாக்கை நீட்டச் சொன்னார். தாயார் நீட்டினார். நீட்டியபடியே, மருத்துவரைத் தாண்டி என்னை நோக்கினார். நான் பழக்கத்தால் கண்ணை வேறு பக்கம் திருப்பிவிட்டேன்.

ஓரிரு நாளில் அவர் இறந்தார். உறவினர் கூடினர். எண்ணெய் கொண்டு வரும் அம்மாளும் வந்து, இம்முறை தயக்கத்துடன், உள்ளே எட்டிப் பார்த்து உறுதி செய்துகொண்ட பிறகே அழத் தொடங்கினார். நான் தலைமாட்டில் நின்றேன். எல்லாரும் வாய்விட்டு அழுதபோது எனக்கு ஓசை எழவில்லை. கண்ணீர் வந்தது, வந்து நின்றது, விழவில்லை.

சாட்சிக்கார அண்ணாச்சி குடையை மடக்கிக்கொண்டு தந்தையாரின் அருகில் நின்றிருந்தார். அவர் குனிந்து சொன்னது எனக்குக் கேட்டது.

"பாத்தீரா வே? நிக்குது. விழலை. நான் சொன்னது இதைத்தான்."

தந்தையார் என் முகத்தைக் கூர்ந்து பார்த்தார்.

"இப்பம் வந்து என்ன செய்ய?" என்று சொல்லிவிட்டு, பாடைக்கு மூங்கில் வந்துவிட்டதா என்று பார்க்க வாசலுக்குப் போனார்.